கார்பனில் அடுக்கு இடைவெளியும் அடுக்கு ஒழுங்கும்: சிவகங்கை கிராஃபைட் முதல் கொட்டாங்குச்சிக் கரி வரை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிவகங்கைச் சுரங்கத்துச் செதில் கிராஃபைட், சீமைக் கருவேல மூட்டக் கரி, கொட்டாங்குச்சிக் கரி மூன்றும் காரைக்குடியிலிருந்து ஒரு பஸ் பயணத்தில் கிடைத்துவிடும். மூன்றும் கறுப்பு, மூன்றும் கார்பன். எக்ஸ் கதிரைப் பாய்ச்சி அணு அடுக்கைப் பார்க்கும் எக்ஸ்ஆர்டி கருவியில் வைத்தால்தான் எவ்வளவு வேறு வேறு என்று தெரியும். 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடியில் இருப்பதால், பேட்டரிக்கும் சூப்பர் கெப்பாசிட்டருக்கும் கரி தயாரித்துப் பார்க்கும் மாணவர்கள் இந்த வட்டாரத்தில் ஏராளம். அவர்களுக்குத் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

கார்பனில் "அடுக்கு" என்பது எது?

கார்பன் அணுக்கள் அறுகோணம் அறுகோணமாகச் சேர்ந்து, தேன்கூடு போல விரியும் ஒற்றைத் தாள். தாளுக்குள் பக்கத்துப் பக்கத்து அணுக்களுக்கு நடுவே 1.42 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு). அந்தப் பிணைப்பு மிக உறுதியானது. ஒரு தாளுக்கும் அடுத்த தாளுக்கும் நடுவே வேதிப் பிணைப்பு கிடையாது, வலுக்குறைந்த வாண்டர்வால்ஸ் ஈர்ப்பு மட்டும்தான். பென்சில் காகிதத்தில் வழுக்குவதும், லித்தியம் உள்ளே நுழைய முடிவதும் இதனால்தான். கரியிலும் இதே தாள்கள்தான். ஆனால் துண்டு துண்டாக, சுருங்கி வளைந்து, ஓரங்களில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் ஒட்டிக்கொண்டு கிடக்கும்.

3.354, 3.44 என்ற இரண்டு எண்கள் எல்லா இடத்திலும் வருகின்றனவே, ஏன்?

3.354 ஆங்ஸ்ட்ராம் என்பது ஒழுங்கான கிராஃபைட்டில் இரண்டு தாள்களுக்கு இடையே உள்ள தூரம். தாள்கள் இணையாக இருந்தும் ஒன்றுக்கொன்று கோணம் திரும்பிக் கிடந்தால் அந்தத் தூரம் ஏறத்தாழ 3.44 ஆகிவிடுகிறது.

செட்டிநாட்டு வீட்டுக் கூரையிலிருந்து இறக்கிய நாட்டு ஓடுகளை அடுக்கிப் பாருங்கள். வளைவுக்குள் வளைவு அமரும்படி ஒரே வாக்கில் அடுக்கினால் நூறு ஓடு சிறு இடத்தில் அடங்கும். ஒவ்வொன்றையும் கொஞ்சம் திருப்பித் திருப்பி வைத்தால், அதே நூறு ஓடு இன்னும் உயரமாக நிற்கும். ஓடு மாறவில்லை, பொருத்தம்தான் போனது. கிராஃபைட் தாளிலும் எலக்ட்ரான் மேகத்தின் மேடு பள்ளங்கள் இப்படித்தான் நடந்துகொள்கின்றன. ஒரு வேறுபாட்டை மட்டும் மனத்தில் கொள்ளுங்கள்: கிராஃபைட்டில் நேருக்கு நேர் அணுவின் மேல் அணு அமர்வது நல்ல பொருத்தம் அல்ல. ஒரு பிணைப்பு நீளம் தள்ளி, பாதி அணுக்கள் கீழ்த் தாளின் அறுகோண நடுவெளிக்கு மேல் வரும்போதுதான் தாள்கள் மிக நெருங்குகின்றன.

ஆக, இடைவெளி என்பது அடுக்கு ஒழுங்கின் விளைவு. இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்வதில்தான் பாதிக் குழப்பங்கள் தொடங்குகின்றன.

எத்தனை விதமாக அடுக்கலாம்?

படிகவியலாளர் பெர்னால் 1924-இல் காட்டிய ஏபி அடுக்குதான் இயற்கை கிராஃபைட்டில் பெரும்பான்மை. மூன்றாவது தாள் முதல் தாளுக்கு நேர் மேலே வரும். மூன்றாவதும் அதே திசையில் இன்னொரு படி தள்ளிப்போனால் ஏபிசி அடுக்கு, அதாவது ரோம்போஹெட்ரல் வடிவம். தாள்கள் இணையாக மட்டும் இருந்து, திருப்பத்துக்கும் நகர்வுக்கும் எந்தக் கணக்கும் இல்லையென்றால் டர்போஸ்ட்ராடிக். பிஸ்கோ, வாரன் என்ற ஆய்வாளர்கள் 1942-இல் இட்ட பெயர் அது.

ஏபிசி பற்றி ஓர் எச்சரிக்கை. செதில் கிராஃபைட்டைப் பந்து ஆலையில் நெடுநேரம் அரைத்தால் தாள்கள் வழுக்கி ஏபிசி பங்கு கூடும். எக்ஸ்ஆர்டி வரைபடத்தில் 43.3, 46.0 பாகையில் இரண்டு சிறு பீக் (கதிர் வலுவாகத் திரும்பும் கோணத்தில் எழும் முகடு) முளைக்கும். "புதிய படிக வடிவம் உருவாகியிருக்கிறது" என்று மகிழ வேண்டாம். அது அரைத்ததின் தடம். 2000 °செ-க்கு மேல் சூடாக்கினால் திரும்ப ஏபி ஆகிவிடும்.

அப்படியானால் "படிகத்தன்மை" என்பது எந்த எண்?

ஒரே எண் அல்ல, மூன்று தனித்தனிச் செய்திகள். முதலாவது, தாள் எவ்வளவு அகலம் (எல்ஏ). இரண்டாவது, எத்தனை தாள் இணையாக அடுக்கியிருக்கிறது (எல்சி). மூன்றாவது, அடுக்கிய தாள்கள் ஒன்றுக்கொன்று பொருந்தியிருக்கின்றனவா. இடைவெளி இந்த மூன்றாவதைத்தான் பெரும்பாலும் காட்டுகிறது, அதுவும் மறைமுகமாக. இருபது தாள் அழகாக இணையாக நின்றும் ஒன்றோடொன்று பொருந்தாமல் இருக்கலாம். அது முப்பரிமாணப் படிகம் ஆகாது.

பொருத்தத்துக்கு நேரடிச் சாட்சி வேண்டுமென்றால் 101, 112 பீக்குகளைத் தேடுங்கள் (படிகத்தின் எந்தத் தள வரிசையிலிருந்து பீக் வருகிறது என்பதைச் சொல்லும் பெயர்கள் இந்த எண்கள்). ஏபி கிராஃபைட்டில் 42.4, 44.6 பாகையில் இரண்டு தனித்தனிப் பீக்கும் (இரண்டாவதுதான் 101), 83.6 பாகைக்கு அருகே 112 பீக்கும் வரும். டர்போஸ்ட்ராடிக் கார்பனில் இவை கிடையாது. 43 பாகையில் இடப்பக்கம் செங்குத்தாக எழுந்து வலப்பக்கம் வால் இழுக்கும் ஒற்றை மேடு மட்டும் இருக்கும். அந்த வால்தான் "தாள்கள் பொருந்தவில்லை" என்பதற்கான கையெழுத்து. எந்த அறிக்கையிலும் தாள் இடைவெளியைக் காட்டும் 002 பீக்கை மட்டும் வெட்டி ஒட்டாமல் 90 பாகை வரை முழு வரைபடத்தையும் காட்டச் சொல்வது இதற்காகவே.

ஒரே தாள் தூரத்துக்கு ஏன் 001 இல்லாமல் 002 என்று எழுதுகிறார்கள்?

ஏபி கிராஃபைட்டின் அலகுக் கூட்டில் (திரும்பத் திரும்ப வரும் மிகச் சிறிய படிக அலகில்) இரண்டு தாள் உண்டு. கூட்டின் உயரம் 6.708 ஆங்ஸ்ட்ராம், அதில் பாதியான 3.354-ஐத்தான் 002-இல் உள்ள 2 குறிக்கிறது. டர்போஸ்ட்ராடிக் கரிக்கு அப்படி ஓர் அலகுக் கூடே இல்லை. இருந்தாலும் பழக்கத்தால் 002 என்றே சொல்கிறோம்.

எக்ஸ்ஆர்டியில் இடைவெளியைச் சரியாக அளப்பது எப்படி?

சூத்திரம் எளிது: இடைவெளி = அலைநீளம் ÷ (2 × சைன் தீட்டா). கருவியின் செம்புக் குழாய் தரும் எக்ஸ் கதிரின் (செம்பு கே-ஆல்ஃபா-1) அலைநீளம் 1.5406 ஆங்ஸ்ட்ராம். பீக் 26.55 பாகையில் வந்தால் தீட்டா 13.28, இடைவெளி 3.354. பீக் 25.88-இல் வந்தால் 3.44. 24 பாகையில் வந்தால் 3.705. வரைபடத்தில் இருப்பது 2 தீட்டா என்பதை மறந்து பாதியாக்காமல் போடுவது நாம் நினைப்பதைவிட அடிக்கடி நடக்கும் பிழை.

சிக்கல் சூத்திரத்தில் இல்லை, பொடியை வைப்பதில் இருக்கிறது. கருவியின் ஆரம் 185 மி.மீ என்று வைத்துக்கொள்ளுங்கள். பொடியின் மேற்பரப்பு தட்டின் விளிம்பைவிட வெறும் 0.1 மி.மீ மேடாக நின்றால், பீக் 0.06 பாகை வலப்பக்கம் நகரும். 3.354 என்று வரவேண்டியது 3.347 ஆகும். கிராஃபைட்டைவிட நெருக்கமான கிராஃபைட் என்று சிலர் எழுதும் முடிவுகள் பெரும்பாலும் இந்த 0.1 மி.மீட்டரில்தான் பிறக்கின்றன.

அதனால் செய்ய வேண்டியது:

மாதிரியை அகேட் உரலில் மெதுவாகப் பொடித்து 45 மைக்ரான் சல்லடையில் சலிக்கவும். அதில் 10 முதல் 20 விழுக்காடு எடைக்கு சிலிக்கான் பொடி கலந்து ஒன்றாக்கவும். சிலிக்கானின் முதல் பீக் 28.44 பாகையில் வரவேண்டும். எவ்வளவு தள்ளி வருகிறதோ, அதே அளவு கார்பன் பீக்கையும் திருத்தவும். குழியில் பொடியை நிரப்பிக் கண்ணாடித் துண்டால் விளிம்போடு சமமாக வழிக்கவும். அழுத்தித் தேய்க்க வேண்டாம். செதில் கிராஃபைட் அப்படியே படுத்துக்கொண்டு 002 பீக்கை வானுயர்த்தி, மற்றவற்றை அழித்துவிடும். பிறகு 10 முதல் 90 பாகை வரை 0.02 படியில் ஓர் ஓட்டம், 002 பகுதியில் மட்டும் 0.01 படியில் மெதுவாக இன்னோர் ஓட்டம்.

குழியின் ஆழம் 0.2 மி.மீ போதும். கார்பன் எக்ஸ் கதிரை அதிகம் உறிஞ்சாது. 2 மி.மீ ஆழத்துக்கு நிரப்பினால் கதிர் அடிவரை போய்த் திரும்பி, பீக்கை இடப்பக்கம் இழுத்து அகலமாக்கும். ஆனால் மெல்லிதாகப் பரப்பும்போது வேறொரு வலை இருக்கிறது: சாதாரணக் கண்ணாடித் தட்டு 20 முதல் 30 பாகைக்குள் தானே ஓர் அகன்ற மேட்டைத் தரும். கரியின் மேடும் அங்கேதான் வரும். எது கரி, எது கண்ணாடி என்று பிரிக்க முடியாமல் போகும். பின்னணி தராத சிலிக்கான் தட்டில் வையுங்கள். அது இல்லையென்றால் வெறும் கண்ணாடியை முதலில் ஓட்டி, அந்த வரைபடத்தையும் சேர்த்துக் காட்டுங்கள்.

700 °செ-இல் சுட்ட கொட்டாங்குச்சிக் கரியில் 26.6 பாகையில் ஊசிபோல ஒரு பீக் வருகிறது. கிராஃபைட் ஆகிவிட்டதா?

இல்லை. அது மணல்.

குவார்ட்ஸின் வலுவான பீக் 26.64 பாகை, கிராஃபைட்டின் 002 பீக் 26.55 பாகை. கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாத நெருக்கம். மணல் எங்கிருந்து வந்தது என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். கொப்பரைக் களத்தில் தரையில் கிடந்த சிரட்டை, மண் போட்டு மூடிய கரிமூட்டம், சாலையோரம் கொட்டி அள்ளிய மூட்டைக் கரி எல்லாவற்றிலும் மணல் இருக்கும். குவார்ட்ஸ் நன்கு படிகமான பொருள். ஒரு விழுக்காடு இருந்தாலே கரியின் சோம்பலான மேட்டின் மேல் கூராக எழுந்து நிற்கும்.

கண்டுபிடிக்க மூன்று வழிகள். முதலில் 20.86 பாகையைப் பாருங்கள். குவார்ட்ஸுக்கு அங்கே இரண்டாவது பீக் உண்டு, முதல் பீக்கில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உயரம். கிராஃபைட்டுக்கு அங்கே ஒன்றும் கிடையாது. 50.1 பாகையிலும் குவார்ட்ஸ் தலைகாட்டும். இரண்டாவது, பீக்கின் அகலம்: 24 பாகையில் ஆறு பாகை அகலத்துக்கு ஒரு மேடும், அதன் தோளில் 0.15 பாகை அகலத்துக்கு ஓர் ஊசியும் இருந்தால், இரண்டும் ஒரே பொருளாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. மூன்றாவது வழி சந்தேகத்துக்கே இடம் வைக்காது. ஒரு கிராம் கரியைப் பீங்கான் மூசையில் போட்டு, மஃபிள் உலையில் காற்றோட்டத்தோடு 750 °செ-இல் சாம்பலாகும் வரை எரித்து, அந்தச் சாம்பலை எக்ஸ்ஆர்டியில் வையுங்கள். கார்பன் எல்லாம் போய்விட்டது. பீக் இன்னும் அங்கேயே இருந்தால் அது கார்பனின் பீக் அல்ல.

ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கழுவினால் போகுமா என்றால், சுண்ணாம்பும் உப்புகளும் போகும், குவார்ட்ஸ் போகாது. ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் கரைக்கும். ஆனால் அது தோல்வழி எலும்புவரை போகும் நஞ்சு, தனிப் பயிற்சியும் முதலுதவிக்குக் கால்சியம் குளுக்கோனேட்டும் இல்லாத இடத்தில் தொடவே கூடாது. சுடுவதற்கு முன்பே சிரட்டையின் நாரைச் சுரண்டி, தண்ணீரில் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவிக் காயவைப்பதுதான் எளிய வழி.

இன்னொன்று: சிரட்டைக் கரியின் சாம்பலில் பொட்டாசியம் அதிகம். பொட்டாசியம் குளோரைடு 28.35 பாகையில் பீக் தரும், உங்கள் சிலிக்கான் அளவுகோலுக்கு ஒட்டிய பக்கத்து வீடு. சிலிக்கான் கலக்கும் முன் கரியை வெந்நீரில் இரண்டு மூன்று முறை கழுவிவிடுங்கள்.

சிவகங்கை கிராஃபைட்டிலும் இந்தக் குவார்ட்ஸ் தொல்லை உண்டா?

உண்டு. தாதுவில் செதில் கிராஃபைட்டின் பங்கு சிறிது, பாறைக் கனிமங்களே மிகுதி. மிதப்பு முறையில் (நுரையோடு மிதக்கவிட்டு) பிரித்த பின்னும் செதில்களுக்கு நடுவே குவார்ட்ஸ் துணுக்குகள் சிக்கியிருக்கும். இங்கே கிராஃபைட்டும் உண்மை, குவார்ட்ஸும் உண்மை. இரண்டு பீக்கும் ஒன்றாகி, இடைவெளி 3.35-க்குக் கீழே போனதுபோலக் காட்டும். அப்போது 54.7 பாகையில் வரும் 004 பீக்கிலிருந்து இடைவெளியைக் கணக்கிடுங்கள். குவார்ட்ஸுக்கு அருகில் ஒரு பீக் இருந்தாலும் அது மிகச் சிறியது.

எத்தனை தாள் அடுக்கியிருக்கிறது என்று எப்படிச் சொல்வது?

ஷெரர் சமன்பாடு: எல்சி = 0.89 × அலைநீளம் ÷ (பீக்கின் பாதி உயரத்தில் உள்ள அகலம் × காஸ் தீட்டா). அகலத்தைப் பாகையிலிருந்து ரேடியனுக்கு மாற்றியே ஆகவேண்டும்.

கரியின் பீக் 24 பாகையில், அகலம் 6 பாகை. ரேடியனில் 0.1047. காஸ் 12 பாகை 0.978. எல்சி 13.4 ஆங்ஸ்ட்ராம். இடைவெளி 3.7 என்பதால் வகுத்தால் மூன்றரை இடைவெளி வருகிறது, அதாவது நான்கைந்து தாள். செதில் கிராஃபைட்டின் அகலம் 0.3 பாகை என்றால் எல்சி ஏறத்தாழ 270 ஆங்ஸ்ட்ராம், எண்பது தாள். ஆனால் அந்த 0.3-இல் கருவியின் சொந்த அகலம் 0.1 பாகை கலந்திருந்தால் அதை வர்க்க முறையில் (0.3², 0.1² இரண்டின் வித்தியாசத்துக்கு வர்க்கமூலம்) கழித்தாக வேண்டும். 0.28 ஆகும், எல்சி 285-க்குப் போகும். கரிக்கு இந்தத் திருத்தம் பொருட்டில்லை, கிராஃபைட்டுக்குக் கட்டாயம்.

எல்ஏ காண 43 பாகை மேட்டில் 0.89-க்குப் பதில் 1.84 போடுவார்கள். இரண்டு எண்ணையும் மாற்றிப் போட்டுவிட்டால் தாளின் அகலம் பாதியாகத் தெரியும்.

கிராஃபைட்டாக்க அளவு என்ற சூத்திரத்தைக் கரிக்குப் போட்டால் மைனஸ் வருகிறதே?

வரத்தான் செய்யும். சூத்திரம் (3.440 − இடைவெளி) ÷ 0.086. இடைவெளி 3.36 என்றால் 0.93, 3.38 என்றால் 0.70. 3.44 முதல் 3.354 வரை உள்ள கார்பனுக்காக மட்டும் செய்த அளவுகோல் இது. பக்கத்துப் பக்கத்துத் தாள்களில் எத்தனை பங்கு ஏபி பொருத்தத்தில் இருக்கிறது என்று சொல்கிறது. உங்கள் கரியின் இடைவெளி 3.7 என்றால் மைனஸ் மூன்று வரும். அதற்கு எந்தப் பொருளும் இல்லை. அந்த மாதிரிக்கு இந்த எண்ணை எழுதவே எழுதாதீர்கள். "படிகத்தன்மை 38 விழுக்காடு" என்று பீக்கின் பரப்பிலிருந்து மென்பொருள் தரும் எண்ணும் அப்படியே. பிளாஸ்டிக்கில் படிகப் பகுதியும் படிகமற்ற பகுதியும் தனித்தனியாக இருக்கும். கரியில் அப்படி இரண்டு பகுதி கிடையாது.

கொட்டாங்குச்சிக் கரியை 3000 °செ-இல் சுட்டால் கிராஃபைட் ஆகுமா?

ஆகாது. எக்ஸ் கதிர் ஆய்வாளர் ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் 1951-இல் கார்பன்களைக் கிராஃபைட் ஆகக்கூடியவை, ஆகாதவை என்று இரண்டாகப் பிரித்தார். பெட்ரோலியக் கோக்கும் தாரும் சுடும்போது உருகி இளகும், தாள்கள் இணையாகப் படுக்க வாய்ப்பு கிடைக்கும். பிறகு 2500 முதல் 3000 °செ-இல் அவை திரும்பிப் பொருந்திக்கொள்ளும். சிரட்டையும் கருவேல மரமும் உருகுவதில்லை. லிக்னினும் செல்லுலோஸும் திட நிலையிலேயே கரியாகி, குறுக்குப் பிணைப்புகளோடு இறுகிவிடுகின்றன. பின்னால் எவ்வளவு வெப்பம் கொடுத்தாலும் தாள்கள் திரும்ப இடமில்லை. இடைவெளி சற்றுக் குறையும், எல்சி சற்றுக் கூடும், 112 பீக் வராது.

இரும்பு உப்பில் ஊறவைத்து நைட்ரஜனில் 1000 முதல் 1100 °செ வரை சுட்டால் நிலைமை மாறும். உருவாகும் இரும்புத் துணுக்குகள் கரியைக் கரைத்து கிராஃபைட் ஓடுகளாக வெளியே தள்ளும். அப்போது 24 பாகை மேட்டின் மேல் 26.4 பாகையில் ஒரு கூரான பீக் எழும். இவற்றை ஒரே பீக்காகப் பொருத்திச் சராசரி எடுப்பது தவறு. மாற்றமடைந்த பகுதி ஒன்று, மாறாத பகுதி ஒன்று என இரண்டு பீக்காகப் பிரிக்கவும். மறவாமல் 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இரவு முழுதும் ஊறவைத்துக் கழுவுங்கள். இரும்பின் முதல் பீக் 44.67 பாகை, கிராஃபைட்டின் 101 பீக் 44.6 பாகை. கழுவாத மாதிரியில் 101 வந்துவிட்டது என்று சொல்ல உங்களுக்கு வழியே இல்லை. கிராஃபைட் ஓட்டுக்குள் சிறைப்பட்ட இரும்பு கழுவிய பின்னும் மிஞ்சலாம், அதனால் 65.0 பாகையில் இரும்பின் இரண்டாம் பீக்கையும் பார்த்துவிடுங்கள்.

லேசர் ஒளி சிதறுவதை அளக்கும் ராமன் கருவியில் டி/ஜி விகிதம் (டி பீக்கின் வலு ÷ ஜி பீக்கின் வலு) குறைந்தால் ஒழுங்கு கூடியது என்று எழுதலாமா?

எல்லா இடத்திலும் அல்ல. தாளின் அகலம் 20 ஆங்ஸ்ட்ராமுக்கு மேல் இருக்கும்வரை, தாள் வளர வளர விகிதம் குறையும். அதற்குக் கீழே கதை தலைகீழ்: தாள் வளர வளர விகிதம் கூடும். 500 °செ கரியை 900-க்குச் சுட்டபோது விகிதம் ஏறினால் பதற வேண்டாம், ஒழுங்கு கூடியதன் அடையாளமே அது. அடுக்குப் பொருத்தத்தைப் பார்க்க 2700 செ.மீ⁻¹-க்கு அருகே வரும் 2டி பீக்கைப் பாருங்கள்: ஏபி கிராஃபைட்டில் தோள் வைத்து இரண்டாகத் தெரியும், டர்போஸ்ட்ராடிக்கில் ஒற்றையாக இருக்கும். லேசர் திறனை 1 மில்லிவாட்டுக்குள் வையுங்கள். கரி கறுப்பு, பட்ட இடம் சூடேறி பீக்கே நகர்ந்துவிடும்.

பேட்டரிக்கு எந்த இடைவெளி நல்லது?

எந்த அயனி என்பதைப் பொறுத்தது. லித்தியத்துக்கு கிராஃபைட். ஆறு கார்பனுக்கு ஒரு லித்தியம் என்ற கணக்கில் கிராமுக்கு 372 மில்லி ஆம்பியர் மணி. முழுக்க நிரம்பும்போது இடைவெளி 3.35-லிருந்து 3.70-க்கு விரியும். ஏபியாக இருந்த தாள்கள் வழுக்கி நேருக்கு நேர் ஏஏ அடுக்காகும், வெளியேறும்போது திரும்ப வரும். சோடியம் தனியாக கிராஃபைட்டுக்குள் போதிய அளவு போகாது. அதற்கு 1200 முதல் 1500 °செ வரை சுட்ட, 3.7 முதல் 4.0 இடைவெளியுள்ள கடினக் கரி (எவ்வளவு சுட்டாலும் கிராஃபைட் ஆகாத வகை) வேண்டும். சிரட்டைக் கரியின் ஒழுங்கின்மை இங்கே பயன்படுகிறது. ஆனால் இடைவெளி பெரிது என்பதற்காக 600 °செ-இல் நிறுத்திவிடாதீர்கள். ஓரங்களில் ஆக்சிஜன் மிச்சமிருக்கும், மின்கடத்தலும் குறைவு, முதல் சுற்றிலேயே சோடியத்தில் பெரும்பங்கு திரும்பாமல் போகும்.

ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பும்போது என்ன எழுதிக் கொடுக்க வேண்டும்?

எந்தப் பொருள், எந்த வெப்பநிலையில், எந்த வாயுவில், எத்தனை மணி நேரம், நிமிடத்துக்கு எத்தனை பாகை ஏற்றம், எதில் கழுவியது, எத்தனை விழுக்காடு சாம்பல். பொடி அரை கிராம் போதும். அதோடு, பொடிக்காத துண்டு ஒன்றையும் தனிப் பொட்டலத்தில் வையுங்கள். முடிவில் ஐயம் எழுந்தால், அரைத்ததால் வந்ததா, சுட்டதால் வந்ததா என்று பார்க்க அந்தத் துண்டு இருந்தாக வேண்டும்.